காற்றின் சேதி தீவகத்துக்கு எப்போது வரும்?

ஐப்பசி பிறந்துவிட்டால் தீவகத்தில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி ஒன்றே: இந்தக் கிழமை கடல் எப்படி இருக்கும்? கொழும்பில் வாழ்பவருக்கு வானிலை அறிக்கை என்பது குடையைக் கையில் எடுப்பதா, வீட்டில் விடுவதா என்பதைத் தீர்மானிக்கும் செய்தி. நெடுந்தீவில் வாழ்பவருக்கோ அது வாழ்வையே தீர்மானிக்கும் செய்தி. நாளை குறிகாட்டுவானுக்குப் படகு ஓடுமா? ஓடினால் மாலையில் திரும்புமா? யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் நாள் குறித்துக் கொடுத்த சிகிச்சைக்குப் போய்ச் சேர முடியுமா? நீதிமன்றத் தவணைக்குத் தவறினால் பிடியாணை வருமே, அதற்கு என்ன செய்வது? கடைக்கு வரவேண்டிய அரிசியும் மாவும் எரிபொருளும் எத்தனை நாளைக்குத் தாமதிக்கும்? பிடித்த மீனைச் சந்தைக்கு அனுப்புவதா, கருவாடாக்குவதா? இத்தனை கேள்விகளும் அந்த ஒரு செய்தியில் தங்கியிருக்கின்றன. அத்துணை பெரிய செய்தியை அரசாங்கம் தீவக மக்களுக்கு எங்ஙனம் சொல்கிறது? அவர்களுடைய தீவின் பெயரைக்கூட உச்சரியாமற் சொல்கிறது.

நாம் சொல்லவந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, காரைநகர், மண்டைதீவு ஆகியவற்றுக்கெனத் தனியான வானிலை அறிக்கை ஒன்று கிழமைக்கொரு முறை வெளிவர வேண்டும். நாடோறும் அது திருத்தப்பட வேண்டும். அது காற்றையும் கடலையும் முதலிற் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதப்பட வேண்டும். உரிய வேளையில் இறங்குதுறைக்கு வந்துசேர வேண்டும். இதனை நாம் ஒரு சலுகையாகக் கேட்கவில்லை. வரி செலுத்தும் குடிமக்களுக்கு அரசு செய்யக் கடமைப்பட்ட சேவையாகவே கேட்கிறோம்.

அழைப்பாணையும் எச்சரிக்கையும்

நீதிமன்றப் பழக்கமுள்ளவர்கள் ஒரு நெறியை அறிவார்கள். ஒருவர்மீது வழக்குத் தொடுத்தால் அவருக்கு அழைப்பாணை முறைப்படி சேர்ப்பிக்கப்பட வேண்டும். அது அவருடைய பெயருக்கும் முகவரிக்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவரிடம் வேண்டப்படுவது யாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர் விளங்கிக்கொள்ளும் மொழியில் இருக்க வேண்டும். தவணை நாளுக்கு முன்னரே அவர் கையிற் கிடைக்க வேண்டும். இவற்றுள் ஒன்று பிசகினாலும் அவருடைய சட்டத்தரணி எழுந்து, அறிவித்தல் ஒழுங்காகச் சேர்ப்பிக்கப்படவில்லை என்று ஆட்சேபிப்பார். சிறுதொகைக் கடன் வழக்குக்கே இத்தனை பாதுகாப்பு உண்டென்றால், உயிருக்கு உலைவைக்கக்கூடிய காற்றைப் பற்றிய எச்சரிக்கைக்கு இதிற் பாதியாவது வேண்டாமா?

ஆகவே அந்த நான்கு கேள்விகளையும் வானிலை அறிக்கையிடமும் கேட்டுப் பார்ப்போம். யாருக்குச் சொல்லப்படுகிறது? என்ன சொல்லப்படுகிறது? எம்மொழியிற் சொல்லப்படுகிறது? எப்போது சொல்லப்படுகிறது?

முகவரி இல்லாத அறிக்கை

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கென நாடோறும் அறிக்கை விடுக்கிறது. அதில் நம்முடைய கடலுக்கு உரிய பிரிவு புத்தளம் முதல் மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பாகும். நேர்கோட்டில் அளந்தாலும் இது ஏறத்தாழ 200 கிலோமீற்றர். இந்த ஒரு வரிக்குள் இருவேறு கடல்கள் அடங்கிவிடுகின்றன. ஆதாம் பாலத்துக்குத் தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா, ஆழங்கொண்டது, இந்து சமுத்திரத்தின் பேரலைகள் தடையின்றி வந்து மோதுவது. வடக்கே இருப்பது பாக்குக் குடாவும் பாக்கு நீரிணையும், ஆழங்குறைந்தவை. ஆழங்குறைந்த கடலிற் காற்று எழுப்பும் அலை உயரத்திற் சிறிதாக இருக்கலாம். ஆனால் அது குறுகியது, செங்குத்தானது, ஒன்றன்பின் ஒன்றாக ஓயாது அடிப்பது. சிறிய வள்ளத்துக்கு நெடிய பேரலையைக் காட்டிலும் இதுவே பொல்லாதது என்பதைக் கடலோடிகள் அறிவார்கள். இரண்டுக்கும் ஒரே வரியா?

தீவகத்துக்குள்ளேயே பாருங்கள். குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்வது குறுகிய ஒரு நீர்வழி. கால்மணி நேரப் பயணம். அதே குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்ல ஒரு மணி நேரம் வேண்டும். இடையிலுள்ளது திறந்த கடல். சோளகம் வீசினால் அலை படகில் வந்து அடிக்கும். ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவு, எழுவைதீவு செல்லும் வழி மூன்றாவது வகை. அங்கே சோளகத்துக்கு ஓரளவு மறைவுண்டு. ஆனால் வாடைக்காற்று வலுத்தால் வடக்கே பாக்கு நீரிணையை நோக்கி நிற்கும் எழுவைதீவின் பாடு திண்டாட்டந்தான். ஒரே நாளில், ஒரே காற்றில், மூன்று வழிகளும் மூன்று விதமாக இருக்கும். இதை அறிய வானியற் பட்டம் வேண்டியதில்லை. குறிகாட்டுவானில் நிற்கும் எந்தப் படகோட்டியும் சொல்வார்.

இருநூறு கிலோமீற்றருக்கு ஒரே எச்சரிக்கை விடுப்பதன் தீங்கு இரு பக்கமும் வெட்டுவது. கற்பிட்டிக்கு அப்பால் கடல் கொந்தளிக்குமென்று விடுத்த எச்சரிக்கை அனலைதீவின் மறைவான கடலில் வலை விரிப்பவரையும் கரையிற் குந்தவைக்கிறது. அவருக்கு அன்றைய உழைப்புப் போகிறது. இவ்வாறு நாலு தடவை போனால், ஐந்தாம் தடவை அவர் எச்சரிக்கையை நம்பாமற் கடலுக்குப் போகிறார். அந்த ஐந்தாம் தடவை மெய்யாகவே காற்று வந்துவிட்டால்? எச்சரிக்கை விடுத்தோம், அவர்தாம் கேட்கவில்லை என்று அதிகாரிகள் கைகழுவிக்கொள்ளலாம். ஆனால் நம்பிக்கையைக் கெடுத்தவர் யார் என்னும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.

பிறநாட்டார் என்ன செய்கிறார்கள் என்பதையும் காண்போம். ஸ்கொத்லாந்துக்கு வடக்கே ஃபெயார் ஐல் என்றொரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. அங்கு வாழ்வோர் நூறு பேர்கூட இல்லை. எனினும் பிரித்தானிய வானொலி நாடோறும் வாசிக்கும் கடல் வானிலை அறிக்கையில் ஒரு கடற்பரப்பு அந்தத் தீவின் பெயராலேயே வழங்குகிறது. ஹெப்ரைட்ஸ் தீவுகளுக்கும் அவ்வாறே பெயருண்டு. கடலுக்குப் பெயரிட்டு அறிவித்தால் அதிலே ஓடும் மாலுமிக்குத் தன் இடம் விளங்கும் என்பதே அதன் நோக்கம். ஆயிரக்கணக்கானோர் வாழும் நெடுந்தீவுக்கு இத்தகைய பெயர் வழங்கக் கூடாதா? ஒல்லாந்தர்கூட டெல்ப்ட், லைடன், ஆர்லெம், ரொட்டர்டாம் என்று தங்கள் நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குத் தனித்தனியே சூட்டினார்கள். நம்மை ஆண்ட அந்நியனுக்குத் தனித்தனியே தெரிந்த தீவுகள், நம்முடைய சொந்தத் திணைக்களத்தின் கண்ணுக்கு ஒரு வரிக்குள் மறைந்துபோவது வேடிக்கை அன்றோ?

மழைக்கு முன்னே காற்று

நிற்க, அறிக்கையில் என்ன சொல்லப்படுகிறது என்னும் இரண்டாவது கேள்விக்கு வருவோம். நாளாந்த அறிக்கையில் முதலிடம் பெறுவது மழை. எந்த மாகாணத்தில் எத்தனை மில்லிமீற்றர் என்பதே தலைப்புச் செய்தி. தீவகத்துக்கு முதலிற் தேவை காற்று. நம் முன்னோர் காற்றைத் திசைக்கொரு பெயரிட்டு அழைத்தார்கள்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம். ஐப்பசி கார்த்திகையிலிருந்து தை வரை வாடை. இடையிலே கடல் ஓய்ந்து கிடக்கும் சில கிழமைகள். கச்சதீவு அந்தோனியார் திருவிழா மாசி, பங்குனிக் காலத்தில் வருகிறது. அப்போது கடல் அமைதியாக இருக்கும். நயினை நாகபூசணி அம்மனின் மகோற்சவமோ ஆனியில் வருகிறது. அது சோளகக் காலம். நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும், கடலையே முன்பின் பார்த்திராத ஊர்களிலிருந்தும் குழந்தை குட்டிகளோடு வந்து படகேறும் அடியார்களுக்கு அந்தப் பதினைந்து நாளும் காற்றின் சேதி அவசியமில்லையா?

காற்றைக் கணக்கிடாமற் காரியம் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்தே போக வேண்டியதில்லை. 2023 ஒக்ரோபர் 14 ஆம் நாள் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை மிகுந்த ஆரவாரத்துடன் தொடங்கிவைக்கப்பட்டது. இந்தியப் பிரதம மந்திரியே காணொளி மூலம் கலந்துகொண்டார். ஒரு கிழமை முடிவதற்குள் பருவமழையைக் காரணங்காட்டிச் சேவை நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு ஆவணியிலேதான் அது மீண்டும் ஓடிற்று. 2024 நவம்பரில் மறுபடியும் வானிலையால் நின்றது. ஐப்பசியிற் பாக்கு நீரிணை எப்படியிருக்கும் என்று நாகபட்டினத்திலோ மயிலிட்டியிலோ ஒரு மீனவரைக் கேட்டிருந்தாற் சொல்லியிருப்பாரே! இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து நடத்திய கப்பலுக்கே இந்த நிலை என்றால், நாள்தோறும் ஓடும் நெடுந்தீவுப் படகின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இத்தீவுகளின் காற்றுக்கு விலையுண்டு என்பதை உலகம் அறியும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் திட்டம் 2021 இற் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது, இந்தியா ஆட்சேபித்தது, அத்திட்டம் கைவிடப்பட்டது. 2022 இல் இந்தியா தன் நன்கொடையில் அதனைச் செய்து தர உடன்பட்டது. தொகை ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர். மின்சாரம் வருவது நல்லதே, அதனை வரவேற்கிறோம். ஆனால் இந்தத் தீவின்மீது வீசும் காற்றிலிருந்து எத்தனை அலகு மின்சாரம் கிடைக்கும் என்று இரு வல்லரசுகளுடன் இருந்து கணக்குப் பார்க்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அதே காற்று நாளைக் காலையிற் கர்ப்பிணிப் பெண் ஏறும் படகை என்ன செய்யும் என்று கணித்துச் சொல்ல மனமில்லாமற் போவதேன்?

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டாமென்று நாம் கூறவில்லை. வேலணை, புங்குடுதீவுக் கமக்காரருக்கு மழையே உயிர். சுண்ணக்கல் மண்ணில் வானம் பார்த்தே விதைக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களிற் பெய்து முடிந்துவிடுகிறது. விதைத்தபின் பத்து நாள் மழையில்லாவிட்டால் முளை கருகும். விதைத்த மறுநாளே கொட்டித் தீர்த்தால் நெல் அழுகும். தீவின் கிணறுகளோ இன்னும் நுட்பமானவை. நிலத்தடியில் உவர்நீரின்மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடிநீர் ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. அதாவது, மேலே ஓரடி குறைந்தாற் கீழே உவர்நீர் நாற்பதடி ஏறிவருகிறது. இவ்வருட மழை போதுமா, எந்தக் கிழமையிற் பெய்யும், இறைப்பை எப்போது குறைப்பது என்பனவெல்லாம் கமக்காரர் அறிய வேண்டியவை. மாகாணத்தின் சில இடங்களில் மழை பெய்யும் சாத்தியமுண்டு என்னும் பொதுவரி விதைநெல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு ஆனைப் பசிக்குச் சோளப்பொரி.

தமிழில் வராத எச்சரிக்கை

மூன்றாவது மொழி. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நேர்ந்ததை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988 இற் பதினாறாந் திருத்தம் சிங்களமும் தமிழும் நிருவாக மொழிகள் என்றும், வட கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழியாகப் பயன்படுத்தப்படும் என்றும் விதித்தது. ஏட்டில் இருக்கும் இந்த உரிமை, புயல் வரும் இரவில் எங்கே இருக்கிறது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியது. அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் மலைநாட்டில் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் மாண்டவர்கள். அத்துயரத்தின் நடுவே, உத்தியோகபூர்வ எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையிற் கிடைக்கவில்லை என்னும் முறைப்பாடு பகிரங்கமாக எழுந்தது. தோட்டத் தொழிலாளரும் வட கிழக்கு மக்களும் தமது உயிரைப் பற்றிய செய்தியை மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருந்து பெற வேண்டும் என்பது எந்த நாட்டு நீதி? எச்சரிக்கையை முதலிற் சிங்களத்தில் எழுதி, ஆறுதலாகத் தமிழாக்கும் முறை இருக்கும்வரை, தமிழன் இரண்டாவதாகத்தான் எச்சரிக்கப்படுவான். புயலோ வரிசை பார்த்து வருவதில்லை.

இக்குறையை இப்போது நிரப்புபவர் யார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறைப் பேராசிரியர் நாகமுத்து பிரதீபராஜா தமிழில் வெளியிடும் முன்னறிவித்தல்களை வட கிழக்கு மக்கள் ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறார்கள். பத்திரிகைகளும் அவற்றை வெளியிடுகின்றன. அவருக்கு நம் மக்கள் கடமைப்பட்டுள்ளனர். ஆனால் ஒரு பேராசிரியரின் தனிமுயற்சியை நம்பி ஒரு மாகாணமே இருக்கிறது என்பது அரசாங்கம் வெட்கப்பட வேண்டிய நிலை. தனிமனிதருக்கு நோய் வரலாம். வேறு கடமைகள் நேரலாம். திணைக்களம் என்பது இத்தகைய தடைகளைத் தாண்டி இயங்குவதற்காகவே ஏற்பட்டது. கொழும்பு வானிலை அவதான நிலையம் 1907 இல் உருவானது. நூறாண்டைக் கடந்த அனுபவமுள்ள அமைப்பிடம் தமிழில் நாலு வரி கேட்பது பேராசையா?

தவணை தப்பிய சேதி

நான்காவது காலம். கடல் கொந்தளிக்கும் நாளிற் படகை நிறுத்துவது சரியான முடிவே; அதனை எவரும் குறைகூற முடியாது. ஆனால் அந்த முடிவு விடியற்காலையில் இறங்குதுறைக்கு வந்தபின் தெரியவருவது சரியன்று. பையும் மருந்துத் துண்டுமாய்க் காத்திருக்கும் முதியவர், பாடசாலைக்குப் போகவேண்டிய ஆசிரியர், மீன்பெட்டிக்கு ஐஸ் வாங்கி வைத்த வியாபாரி எல்லோரும் முதல்நாள் மாலையிலேயே அறிந்திருந்தால் வேறு ஒழுங்கு செய்திருப்பார்கள். 2024 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் க.பொ.த. உயர்தரப் பரீட்சை சீரற்ற வானிலையால் நாடு முழுவதும் இடைநிறுத்தப்பட்டது. அது தலைப்புச் செய்தியாயிற்று. ஆனால் நாட்டின் பிற பகுதிகளிற் பரீட்சை நடைபெறும் ஒரு சாதாரண நாளிலேயே, காற்றினாற் படகு ஓடாமல் ஒரு தீவகத்து ஆசிரியரோ மாணவரோ அகப்பட்டுக்கொள்ளலாம். அது எந்தப் பத்திரிகையிலும் வராது. இயலாததைச் செய்யும்படி சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தாது என்பது பழைய சட்டநெறி. அந்த நெறியின் பயன் தீவக மக்களுக்குக் கிடைக்க வேண்டுமானால், கடல் அன்று இயலாததாக இருந்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டும். முறையான வானிலை அறிக்கையே அந்த அத்தாட்சி.

காலத்தாற் சொல்லாத எச்சரிக்கை எத்தகைய அழிவைத் தரும் என்பதை நம்முடைய கடல் ஒரு தடவை உலகுக்குக் காட்டியிருக்கிறது. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு எழுந்த புயல் இலங்கையின் வடபகுதியையும் தாக்கித் தனுஷ்கோடியை உருத்தெரியாமல் அழித்தது. ஓடிக்கொண்டிருந்த புகைவண்டியையே கடல் வாரிக்கொண்டது. அந்தத் தனுஷ்கோடியும் நம் நெடுந்தீவும் ஒரே பாக்குக் குடாவின் கரைகள். 2020 டிசம்பர் 2 ஆம் நாள் இரவு திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரெவி புயல் நாட்டைக் குறுக்கறுத்து மன்னார் வளைகுடாவை அடைந்து, பாம்பனுக்கு அண்மையில் வலுக்குன்றி, ஒரு நாளுக்கு மேல் அசையாமல் நின்றது. முதல்நாட் சொன்ன கணக்கு மூன்றாம் நாளைக்குப் போதாது என்பதற்கு அதுவே சாட்சி. ஆகையாற்றான் கிழமைக்கொரு அறிக்கை மட்டும் போதாது, நாடோறும் திருத்தம் வேண்டும் என்கிறோம்.

சொல்லப்படும் சமாதானங்கள்

இத்தனைக்கும் அதிகாரிகள் சொல்லக்கூடிய சமாதானங்கள் நமக்குத் தெரியாதவையல்ல. சிறிய தீவு ஒன்றுக்கு ஏழு நாள் முன்னரே நிச்சயமாகச் சொல்ல விஞ்ஞானத்தால் இயலாது என்பார்கள். நிச்சயமாகச் சொல்லுமாறு யார் கேட்டார்கள்? இன்னவிடத்தில் இன்ன நேரத்தில் இடிமழை பெய்யும் என்று சொல்வது கடினந்தான். பருவக்காற்று எந்நாளில் வலுக்கும், எந்நாளில் தணியும் என்பது அவ்வளவு கடினமன்று. முதல் மூன்று நாளை உறுதியாகவும், பின் நான்கு நாளைச் சாத்தியமாகவும் சொல்லட்டும். தெரிந்த அளவைத் தெரிந்த அளவாகச் சொன்னால் மக்கள் விளங்கிக்கொள்வார்கள்.

கைத்தொலைபேசியிலேயே எல்லாம் இருக்கிறதே என்பார்கள். அதில் வருவது எங்கோ ஒரு கணினி போட்ட கணக்கு. அது தவறினாற் பொறுப்பேற்க ஆளில்லை. மின்சாரமும் கோபுரமும் விழும் நாளில் அதுவும் ஊமையாகிவிடும்.

பணமில்லை என்பார்கள். இதற்கு விடையை நமக்கு எதிர்க்கரையிற் காணலாம். புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள வீராம்பட்டினம் என்னும் மீனவக் கிராமத்தில், 1990 களின் இறுதியில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலையுயரக் கணக்கை நாடோறும் எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கி மூலம் கடற்கரைக்கு அறிவித்தார்கள். ஒரு கணினியும் ஓர் ஒலிபெருக்கியும் அக்கறையுள்ள சில இளைஞர்களுமே முதல். இன்று ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் நிலையம் அலை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றைக் கணித்து மீனவர்களுக்கு அறிவித்துவருகிறது. ஒரு கிராமத்தால் இயன்றது ஓர் அரசாங்கத்தால் இயலாதா?

எச்சரிக்கை விடுத்தாற் தொழில் கெடும் என்று முணுமுணுப்போரும் உண்டு. அதற்கும் வரலாற்றில் விடையிருக்கிறது. 1859 இல் 'ரோயல் சார்ட்டர்' என்னும் கப்பல் புயலில் உடைந்து நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டபின், ரொபேர்ட் ஃபிட்ஸ்ரோய் என்னும் கடற்படை அதிகாரி 1861 இற் பிரித்தானியத் துறைமுகங்களில் புயற்கூம்பு ஏற்றும் முறையைத் தொடங்கினார். அவர் மறைந்தபின், அந்த எச்சரிக்கைகளுக்கு விஞ்ஞான ஆதாரம் போதாதென்று கூறி 1866 இறுதியில் அவற்றை நிறுத்தினார்கள். கடலோர மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1867 இல் எச்சரிக்கைகள் மீண்டும் வந்தன. அறிஞர் சபை போதாதென்று தள்ளிய எச்சரிக்கையைக் கேட்டுப் பெற்றவர்கள் கப்பலோட்டிகளும் மீனவர்களும் என்பதை நாம் மறக்கலாகாது.

செய்ய வேண்டியவை

நம் கோரிக்கைகள் ஐந்து. முதலாவது, கடல் அறிக்கையில் தீவகக் கடலைத் தனிப்பிரிவாக்கி, குறிகாட்டுவான் – நெடுந்தீவு, குறிகாட்டுவான் – நயினாதீவு, ஊர்காவற்றுறை – அனலைதீவு – எழுவைதீவு என்னும் மூன்று வழிகளுக்கும் காற்றின் திசை, வேகம், அலையுயரம் ஆகியவற்றைத் தனித்தனியே சொல்ல வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் இறங்குதுறையிலும் காற்றளவி ஒன்றும், தமிழில் எழுதிய அறிவித்தற் பலகையும், தூரத்திலிருந்து காணத்தக்க கொடியும் இரவு விளக்கும் நிறுவ வேண்டும். மூன்றாவது, எத்தனை வேகத்துக்கு மேற் காற்றடித்தாற் படகு ஓடாது, அம்முடிவைச் செய்பவர் யார் என்பதை எழுத்தில் வெளியிட்டு, முதல்நாள் மாலையிலேயே அறிவிக்க வேண்டும். நான்காவது, எச்சரிக்கைகள் மூன்று மொழிகளிலும் ஒரே வேளையில் வெளிவர வேண்டும். யாழ்ப்பாணத்திலேயே தமிழில் எழுதும் அதிகாரமுள்ள உத்தியோகத்தர் இருக்க வேண்டும். ஐந்தாவது, பருவம் முடிந்ததும் சொன்னது எத்தனை, நடந்தது எத்தனை என்று கணக்குக் காட்ட வேண்டும்.

கோரிக்கையை எழுதிவிட்டுக் கைகட்டி இருப்பதாற் பயனில்லை. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கடந்த இரு பருவங்களில் தீவகத்துக்கென விடுக்கப்பட்ட எச்சரிக்கைகள் எவை, தமிழில் எத்தனை மணிக்கு வெளிவந்தன என்று எந்தக் குடிமகனும் எழுத்திற் கேட்கலாம். தமிழ் மறுக்கப்பட்டால் முறையிட அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர்ப் பிரதேச சபைகள் நான்கும் ஒரே வாசகத்தில் ஒரே மாதத்திற் தீர்மானம் நிறைவேற்றட்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் அதன்பின் கையொப்பமிடட்டும். சட்டத்தரணிகள் விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கட்டும். வைத்தியர்கள் படகு ஓடாமையாற் தவறிய சிகிச்சைகளின் எண்ணிக்கையைத் தரட்டும். ஆசிரியர்கள் பாடசாலைகளில் மழைமானி வைத்து மாணவர்களைக் கொண்டு நாடோறும் குறிப்பெழுதட்டும். இரண்டு பருவக் குறிப்புகள் கையிலிருந்தால், அதன்பின் நாம் பேசுவது வெறும் முறைப்பாடாக இராது. ஆதாரமுள்ள வழக்காக இருக்கும்.

எல்லா மக்களுக்கும் முன்னெச்சரிக்கை என்னும் இலக்கை 2027 இறுதிக்குள் எட்ட வேண்டுமென்று ஐக்கிய நாடுகள் சபை 2022 இல் அறிவித்தது. எல்லா மக்களும் என்றால் நெடுந்தீவு மக்களும் அதனுள் அடங்குவர் என்பதே நமது வாதம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது கமக்காரனுக்குச் சொன்ன பழமொழி. காற்றைப் பற்றிய இந்தக் கோரிக்கைக்கும் அது பொருந்தும். அடுத்த வாடை எழுவதற்கு முன் பிரதேச சபைகளின் தீர்மானங்கள் கொழும்பைச் சென்றடைய வேண்டும்.